ஒரே சர்வர்ல மூணு மெயில் கேட்வே: ஒரே போஸ்ட்ஃபிக்ஸா, போஸ்ட்மல்டியா, கன்டெய்னரா, விஎம்மா?

போன வாரம் பட்டர்வொர்த்ல இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். சின்னதா ஐடி சர்வீஸ் கம்பெனி நடத்துறான், பத்துப் பன்னெண்டு கடைக்கும் ஆப்பீஸுக்கும் மெயில் அவன்தான் பாத்துக்கிறான். "அண்ணே, சைபர்ஜெயால ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்துட்டேன், 64 ஜிபி ரேம் இருக்கு, மெயில் கேட்வேய அதுல மூணு நாலா பிரிச்சு ஓட்டலாம்னு பாக்கிறேன், டாக்கர்ல போடவா, தனித்தனி விஎம் போடவா, இல்ல இருக்கிற ஒரே போஸ்ட்ஃபிக்ஸ்லயே சமாளிச்சிடலாமா?"ன்னு கேட்டான். மெயில் கேட்வேன்னா உள்ள வர்ற, வெளிய போற மெயில் எல்லாம் கடந்து போற வாசல்; போஸ்ட்ஃபிக்ஸ் அந்த வேலையச் செய்ற சாஃப்ட்வேர்; டாக்கர் ஒவ்வொரு ப்ரோக்ராமையும் தனித்தனி டப்பாவுல, அதான் கன்டெய்னர்ல, ஓட்டுற வழி; விஎம்னா ஒரு சர்வருக்குள்ளயே முழுசா தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடுறது. ஒரு மணி நேரம் பேசினோம், முன்னாடி இருந்த தே தாரே ஆறிப்போச்சு, அப்பவும் முழுசா சொல்லி முடிக்கல. அதான் எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன், இதே குழப்பத்துல வேற யாராச்சும் இருந்தா அவங்களுக்கும் ஆகும்.

நான் முதல்ல அவன்கிட்ட திருப்பிக் கேட்டது ஒண்ணுதான். உன் சர்வர்ல யாரோட மெயில் யாரோட மெயிலுக்குப் பின்னாடி வரிசையில நிக்குது? இதுக்கு பதில் தெரிஞ்சாதான் எத்தனையா பிரிக்கணும், எதை வச்சுப் பிரிக்கணும்னு தெரியும். நிறைய பேர் கஸ்டமருக்கு ஒண்ணுன்னு பிரிக்க நினைக்கிறாங்க, பத்து கஸ்டமர்னா பத்து இன்ஸ்டன்ஸ், அதாவது தனித்தனியா ஓடுற பத்து போஸ்ட்ஃபிக்ஸ். நான் அதை ஒத்துக்க மாட்டேன், ஏன்னு சொல்றேன்.

2024 தீபாவளி அக்டோபர் 31, மாசக் கடைசியும் அன்னைக்குத்தான். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி பினாங்கு லிட்டில் இந்தியாவுல நான் மெயில் பாத்துக்கிற ஒரு சேலைக்கடை, தீபாவளி ஆஃபர்னு அவங்ககிட்ட பல வருசமா சேந்திருந்த லிஸ்ட் முழுக்க ஒரே மூச்சுல அனுப்பிட்டாங்க, பழைய அட்ரஸ், செத்துப்போன டொமைன், எல்லாம் கலந்து கிடந்துச்சு. அதே சர்வர்ல, அதே போஸ்ட்ஃபிக்ஸ்ல, பாயான் பாருவுல இருக்கிற ஒரு கணக்கு ஆப்பீஸோட இன்வாய்ஸும் ஸ்டேட்மென்ட்டும் போய்க்கிட்டிருந்துச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஆப்பீஸ் அக்கா போன் பண்ணி, "தம்பி, காலையில அனுப்புன இன்வாய்ஸ் ஒண்ணுமே போய்ச் சேரலன்னு சொல்றாங்கப்பா, லீவுக்கு முன்னாடி எல்லாம் பணம் போடணும், என்னன்னு பாரு"ன்னாங்க. பாத்தா க்யூ, அதான் போறதுக்குக் காத்திருக்கிற மெயில் வரிசை, ரொம்பி வழியுது.

உள்ளுக்குள்ள என்ன நடந்துச்சுன்னா, போஸ்ட்ஃபிக்ஸ் வெளிய மெயில் அனுப்ப வச்சிருக்கிற எஸ்எம்டிபி (மெயில் கைமாத்துற முறை) ப்ராசஸ் டிஃபால்ட்டா 100 தான். செத்துப்போன டொமைனுக்குக் கனெக்ட் பண்ணப் போற ஒவ்வொரு ப்ராசஸும் அந்தப் பக்கம் பதில் வராம ஒரு ஐபிக்கு 30 செகண்ட் காத்துக்கிட்டு நிக்கும், அந்த மாதிரி நூறு பேர் நின்னுட்டா நல்ல மெயிலுக்குப் போக ஆள் இல்ல. அது ஒண்ணு. ரெண்டாவது அதைவிட மோசம்: ஜிமெயில் இந்த ஐபியில இருந்து திடீர்னு இவ்வளவு வருதேன்னு 421 (இப்ப வேணாம், அப்புறம் வா) குடுத்து தள்ளிவிட ஆரம்பிச்சிடுச்சு, அது ஐபிக்குத்தான் குடுக்குது, சேலைக்கடைக்குன்னு தனியா குடுக்கல, அதனால கணக்கு ஆப்பீஸ் இன்வாய்ஸும் அதே அடியை வாங்குச்சு. தள்ளிப்போன மெயில் எல்லாம் டிஃபர்டு க்யூவுல, அதான் அப்புறம் முயற்சி பண்ண ஒதுக்கி வைக்கிற வரிசையில, போய் உக்காந்துட்டு திரும்பத் திரும்ப வந்து புது மெயிலோட இடத்துக்குப் போட்டி போடுது. அந்த அக்கா ஒரு தப்பும் பண்ணல, அவங்க இன்வாய்ஸ் ராத்திரி வரைக்கும் நின்னுச்சு. எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு, ஏன்னா அது என் டிசைன், அவங்க மேல ஒண்ணும் இல்ல.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா உக்காந்து ஒவ்வொரு வழியா போட்டுப் பாத்தேன்.

ஒரே இன்ஸ்டன்ஸ்லயே சமாளிக்கிற வழிய முதல்ல சொல்றேன், இதை யாரும் மதிக்கிறதில்ல, ஆனா பாதி பேருக்கு இதுவே போதும். போஸ்ட்ஃபிக்ஸோட மாஸ்டர் டாட் சிஎஃப்ங்கிற செட்டிங் ஃபைல்ல எஸ்எம்டிபி சர்வீஸ் லைனை காப்பி எடுத்து வேற பேர் வச்சு, அதுக்கு வேற சோர்ஸ் ஐபியும் வேற ஹெலோ பேரும் (எதிர் சர்வர்கிட்ட தன்னை அறிமுகப்படுத்துற பேர்) குடுத்து, ப்ராசஸ் லிமிட்ட பத்துன்னு வச்சிடலாம். அப்புறம் அனுப்புறவர் அட்ரஸ பாத்து எந்த வழியா போகணும்னு முடிவு பண்ற மேப் ஒண்ணு இருக்கு, போஸ்ட்ஃபிக்ஸ் 2.7 ல இருந்தே இருக்கு, சேலைக்கடை டொமைன் எல்லாம் அந்தப் புது வழிக்குன்னு ஒரு லைன் எழுதினா முடிஞ்சுது. இப்ப ப்ராசஸ் தனி, ஐபி தனி, ஜிமெயில் திட்டினாலும் சேலைக்கடை ஐபியைத்தான் திட்டும். நாளைக்கு சில ஆயிரம் மெயில், ஒரே ஒரு ப்ரமோஷன் கஸ்டமர்னா நான் இதையே செய்யச் சொல்லுவேன், அரை மணி நேர வேலை.

இது எங்க இடிக்கும்னா க்யூ இன்னும் ஒண்ணுதான். ஆக்டிவ் க்யூவுக்கு, அதான் இப்பவே அனுப்ப எடுத்து வச்சிருக்கிற வரிசைக்கு, டிஃபால்ட் எல்லை 20,000 மெயில், அது ரொம்பிட்டா மத்த எல்லாம் இன்கமிங் க்யூவுல நிக்கும், உங்க ப்ராசஸ் எத்தனை சும்மா இருந்தாலும் சரி. இன்னொண்ணு, மெயில் போகலன்னா எத்தனை நாள் முயற்சி பண்ணிட்டு திருப்பி அனுப்பணும்ங்கிற செட்டிங், டிஃபால்ட் 5 நாள், அது அந்த இன்ஸ்டன்ஸ் முழுக்க ஒண்ணுதான், வழிக்கு ஒண்ணுன்னு வைக்க முடியாது. இன்வாய்ஸுக்கு அஞ்சு நாள் நியாயம். தீபாவளி ஆஃபர் தீபாவளி முடிஞ்சு மூணு நாள் கழிச்சுப் போய்ச் சேந்து யாருக்கு என்ன பிரயோஜனம், அதுக்கு ஒரு நாளே ஜாஸ்தி. இந்த ரெண்டு செட்டிங்கும் வேற வேற வேணும்னு எப்ப உங்களுக்குத் தோணுதோ அப்பத்தான் உண்மையிலயே ரெண்டு இன்ஸ்டன்ஸ் தேவைன்னு அர்த்தம். நான் வச்சிருக்கிற அளவுகோல் அதுதான்.

சரி, போஸ்ட்மல்டி. போஸ்ட்ஃபிக்ஸ் 2.6 ல, அதாவது 2009 ல, இதுக்குன்னே ஒரு கமாண்ட் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடியும் கான்ஃபிக் ஃபோல்டர காப்பி எடுத்து கையாலேயே ரெண்டு மூணு ஓட்டுறவங்க இருந்தாங்க, ஆனா ஸ்டார்ட் ஸ்டாப் எல்லாம் சொந்த ஸ்க்ரிப்ட்ல கட்டி இழுக்கணும். போஸ்ட்மல்டில புது இன்ஸ்டன்ஸ் உருவாக்கச் சொன்னா அதுவே தனி கான்ஃபிக் ஃபோல்டர், தனி க்யூ ஃபோல்டர், தனி டேட்டா ஃபோல்டர் போட்டுக் குடுத்திடும், ப்ரோக்ராம் ஃபைல் மட்டும் எல்லாருக்கும் பொது. புதுசா பிறக்கிற இன்ஸ்டன்ஸ்ல நெட்வொர்க்ல கேக்குற (வெளிய இருந்து வர்ற கனெக்ஷனுக்குக் காத்திருக்கிற) சர்வீஸ் எல்லாத்தையும் அதுவே அணைச்சு வச்சிருக்கும், தெரியாம ஓப்பன் ரிலே, அதாவது யார் வேணா யாருக்கு வேணா மெயில் அனுப்ப விடுற சர்வர், ஆயிடக்கூடாதுன்னு. இது தெரியாம புது இன்ஸ்டன்ஸ் ஸ்டார்ட் ஆச்சு ஆனா மெயில் வாங்குற போர்ட் 25 ல ஒண்ணும் கேக்கலையேன்னு ராத்திரி முழுக்க ஃபயர்வால நோண்டுனவங்கள எனக்குத் தெரியும். மெயின் டாட் சிஎஃப்ங்கிற செட்டிங் ஃபைல்ல அப்படி அணைச்சு வச்சிருக்கிற ஒரு லைன காலி பண்ணணும், அதுக்கு முன்னாடி உங்க ரிலே ரூல் எல்லாம் எழுதி முடிச்சிருக்கணும்.

ஒரே போர்ட் 25, ஆனா இன்ஸ்டன்ஸ் மூணு, அதனால ஆளுக்கு ஒரு ஐபி குடுத்தே ஆகணும், ஒரே ஐபி ஒரே போர்ட்டுல ரெண்டு பேர் உக்கார முடியாது. எந்த ஐபியில கேக்கணும்ங்கிற இடத்துல ஒரே ஒரு ஐபி மட்டும் போட்டீங்கன்னா வெளிய போற மெயிலும் அதே ஐபியில இருந்துதான் கிளம்பும், தனியா சொல்லத் தேவையில்ல, இது ஒரு நல்ல வசதி. ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியக் குடுத்தா பேரச் சொல்ற பதிவு) மட்டும் மறக்காதீங்க. ஒவ்வொரு ஐபிக்கும் அந்தந்த இன்ஸ்டன்ஸோட ஹோஸ்ட்நேம் திரும்பி வரணும், அதை ஹோஸ்டிங் காரங்கதான் போட்டுத் தரணும், எனக்கு ஒரு தடவை அஞ்சு நாள் இழுத்துட்டாங்க, ஆக முதல்ல அந்த டிக்கெட்ட போட்டுட்டு அப்புறம் மத்த வேலைய ஆரம்பிங்க.

ரேம் பத்தி தம்பி ரொம்ப பயந்தான். பயமே வேணாம், சும்மா இருக்கிற ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் இன்ஸ்டன்ஸ்ல ஓடுறது மாஸ்டர், க்யூ மேனேஜர், பிக்கப், அவ்வளவுதான், சில எம்பி. லாக்ல ஒவ்வொண்ணும் தன் பேர்லயே எழுதும், எந்த மெயில் எந்த இன்ஸ்டன்ஸ்லன்னு தேட ரொம்ப சுகம், ஆனா பழைய ஸ்க்ரிப்ட் எதாச்சும் வெறும் போஸ்ட்ஃபிக்ஸ்ங்கிற பேர வச்சுத் தேடிக்கிட்டிருந்தா அது புதுசா வந்ததை எல்லாம் பாக்காது, அதைப் போய் திருத்துங்க.

இதுல ஜாக்கிரதையா இருக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, பழக்க தோஷத்துல போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டாப்னு அடிச்சா எல்லா இன்ஸ்டன்ஸும் சேந்து நிக்கும், ஒண்ண மட்டும் நிறுத்தணும்னா போஸ்ட்மல்டில பேர் சொல்லித்தான் நிறுத்தணும். ரெண்டாவது டிஸ்க். மூணு க்யூவும் ஒரே பார்ட்டிஷன்ல இருந்தா பிரிச்சதுல பாதிதான் பலன், ஏன்னா மீதி இடம் மெசேஜ் சைஸ் லிமிட்டோட ஒன்றரை மடங்குக்குக் கீழ போனா போஸ்ட்ஃபிக்ஸ் புது மெயில் வாங்காது, சேலைக்கடை க்யூ டிஸ்க்க நிரப்புனா இன்வாய்ஸும் வாசல்லயே நின்னுடும். க்யூவுக்கு ஆளுக்கு ஒரு எல்விஎம் வால்யூம் (டிஸ்க்ல பிரிச்சு எடுத்த தனி இடம்) குடுத்துடுங்க, கண்டிப்பா எஸ்எஸ்டியில, போஸ்ட்ஃபிக்ஸ் மெயில டிஸ்க்ல எழுதி உறுதி பண்ணிட்டுத்தான் 250 (வாங்கிட்டேன்) சொல்லும், அதனால சுத்துற டிஸ்க்ல மூணு பேரும் ஒரே நேரத்துல எழுதினா எல்லாரும் சேந்து நொண்டுவாங்க.

பேட்ச் விஷயத்துல இது எவ்வளவு நிம்மதின்னு 2023 டிசம்பர்ல நான் பட்டத நினைச்சாத் தெரியும். எஸ்எம்டிபி ஸ்மக்ளிங்னு ஒரு ஓட்டைய வெளிய சொன்னாங்க, கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னாடி, பாதிப் பேர் லீவுல. அனுப்புற பக்கமும் வாங்குற பக்கமும் ஒரு மெயில் எங்க முடியுதுன்னு வேற வேற மாதிரி புரிஞ்சிக்கிட்டா, நடுவுல இன்னொரு பொய் மெயில நுழைச்சிடலாம், அதான் ஓட்டை. அப்போ என் பெரிய சர்வர் எல்லாம் பழைய மாதிரி தனித்தனி விஎம். ஒவ்வொண்ணா உள்ள போய் செட்டிங் மாத்தி, ரீலோட் பண்ணி, சரியா விழுந்துச்சான்னு பாத்து முடிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு. போஸ்ட்மல்டின்னா பேக்கேஜ் ஒரு தடவை அப்டேட், செட்டிங்க எல்லா இன்ஸ்டன்ஸ்லயும் ஒரே கமாண்ட்ல போட்டுடலாம். ஆனா ஒண்ணு, பேக்கேஜ் அப்டேட் ஆகும்போது மூணும் சேந்துதான் ரீஸ்டார்ட் ஆகும், முதல்ல ஒண்ணுல டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்ங்கிறது நடக்காது. அந்த ஆறுதல் வேணும்னா விஎம்தான்.

கன்டெய்னருக்கு வர்றேன். தம்பிக்கு ஆசை இதுலதான், ஏன்னா அவன்கிட்ட மத்த ஆப் எல்லாம் டாக்கர்ல ஓடுது. நான் கன்டெய்னருக்கு எதிரி இல்ல. போஸ்ட்ஃபிக்ஸும் இப்ப கன்டெய்னருக்கு ஏத்த மாதிரி வந்துடுச்சு, 3.3 ல ஃபோர்க்ரவுண்ட்ல ஓடுற வழி, 3.4 ல லாக்க நேரா ஸ்க்ரீன் பக்கம் அனுப்புற வழி, ரெண்டும் இருக்கு. ஆனா மெயில் கேட்வேங்கிறது வெப் ஆப் மாதிரி கிடையாது, அதுக்கு ரெண்டு விஷயம் உயிர்: எதிர்ல வர்றவனோட உண்மையான ஐபி, அப்புறம் டிஸ்க்ல இருக்கிற க்யூ. டாக்கர் சும்மா விட்டா ரெண்டையும் கெடுக்கும்.

ஐபி கதை இது. சில செட்டப்ல, குறிப்பா வெளிய இருந்து ஐபிவி6 ல வந்து உள்ள கன்டெய்னர் ஐபிவி4 ல மட்டும் இருந்தா, டாக்கரோட ப்ராக்ஸி நடுவுல நிக்கும், வர்ற கனெக்ஷன் எல்லாம் 172 ல ஆரம்பிக்கிற டாக்கர் கேட்வே ஐபியில இருந்து வர்ற மாதிரி போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியும். அதே டாக்கர் நெட்வொர்க்ல இருக்கிற மத்த ஆப் மெயில் அனுப்பணுமேன்னு நீங்க அந்த ரேஞ்ச நம்பகமான நெட்வொர்க்னு எழுதி வச்சிருந்தா, முடிஞ்சுது, உலகத்துல எவன் வந்தாலும் நம்மாளுன்னு உள்ள விட்டுடும். ஓப்பன் ரிலே. சில மணி நேரத்துல ஸ்பேம்காரன் கண்டுபிடிச்சிடுவான், அப்புறம் அந்த ஐபி ப்ளாக்லிஸ்ட்ல இருந்து வெளிய வர்றதுக்குள்ள கஸ்டமர் போயிடுவாங்க. ஓப்பன் ரிலே ஆகலன்னாலும், எல்லாம் ஒரே ஐபியா தெரிஞ்சா எஸ்பிஎஃப் செக்கும் (அந்த டொமைன் பேர்ல அனுப்ப அனுமதி உள்ள ஐபியான்னு பாக்கிறது) ப்ளாக்லிஸ்ட் செக்கும் வெறும் சடங்குதான். வெளிய போற பக்கமும் பாருங்க, மூணு கன்டெய்னர் வச்சாலும் டிஃபால்ட்டா எல்லாம் சர்வரோட ஒரே முதல் ஐபியிலதான் வெளிய கிளம்பும், ஐபி பிரிக்கத்தானே இவ்வளவும் பண்றோம், அப்புறம் அது எதுக்கு? எது எந்த ஐபியில வெளிய போகணும்ங்கிறத நம்ம கையில வைக்க ஹோஸ்ட் நெட்வொர்க் மோட், இல்ல மேக்விலான், இல்ல கையால எஸ்நாட் ரூல், எதாச்சும் ஒண்ணு செஞ்சே ஆகணும், அதை செய்யத் தெரிஞ்ச ஆள் உங்க டீம்ல இருந்தா தாராளமா போங்க.

க்யூ கதை சின்னது, வலி பெருசு. க்யூ ஃபோல்டர வால்யூம்ல வைக்காம கன்டெய்னர அழிச்சு புதுசா ஏத்துனா உள்ள நின்ன மெயில் எல்லாம் போச்சு, நம்ம பக்கம் 250 சொல்லி வாங்கிட்டோம், அனுப்புனவங்க போய்ச் சேந்துடுச்சுன்னு நினைச்சிக்கிட்டிருப்பாங்க. வால்யூம்ல வச்சாலும் ஒரே க்யூவ ரெண்டு கன்டெய்னருக்கு மாட்டவே கூடாது, ஒரு க்யூவுக்கு ஒரு மாஸ்டர்தான்.

விஎம் பத்தி நிறைய பேச வேண்டியதில்ல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தனி கர்னல், தனி ரூட் (முழு அதிகாரம் உள்ள அக்கவுண்ட்), ஒண்ணு விழுந்தா மத்தது நிக்கும், ரேமும் பேட்சும் பேக்கப்பும் அத்தனை மடங்கு. ப்ராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வே மாதிரி வெப் ஸ்க்ரீனோட வர்ற சாமான் வேணும்னா ஒரு சிஸ்டத்துல ஒண்ணுதான் ஓடும், வெளிய இருந்து வர்றதுக்கு 25, உள்ள இருந்து போறதுக்கு 26 னு போர்ட்டெல்லாம் அதுவே பிடிச்சிக்கும், ஆக ரெண்டு வேணும்னா ரெண்டு விஎம், இல்ல ரெண்டு எல்எக்ஸ்சி கன்டெய்னர், வேற வழி இல்ல. கஸ்டமரே உள்ள வந்து க்வாரன்டைன (சந்தேகத்துல நிறுத்தி வச்ச மெயில) பாக்கணும்னா அது நல்ல சாமான்.

விஎம் கட்டாயம்னு நான் சொல்ற இடம் ஒண்ணு இருக்கு. எனக்கு ஜெலுத்தோங்ல ஒரு கிளினிக் கஸ்டமர் உண்டு, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எல்லாம் மெயில்ல போகுது. மலேசியாவோட தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்த, அதான் பிடிபிஏ 2010, 2024 ல திருத்தினாங்க, 2025 ல படிப்படியா அமலுக்கு வந்துச்சு. முன்னாடி மாதிரி டேட்டாவ சேத்து வச்சிருக்கிற கிளினிக் மட்டும் பொறுப்புன்னு நாம ஒதுங்க முடியாது, அவங்களுக்காக டேட்டாவ கையாள்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியா உண்டு, கசிவு நடந்தா 72 மணி நேரத்துக்குள்ள கமிஷனருக்கு கிளினிக் தகவல் சொல்லணும். 72 மணி நேரத்துக்குள்ள எந்த மெயில் யார் கைக்குப் போச்சுன்னு சொல்லணும்னா, சேலைக்கடை மெயிலும் ரத்த ரிசல்ட்டும் ஒரே லாக், ஒரே ரூட் பாஸ்வேர்ட், ஒரே பேக்கப்ல கலந்து கிடக்கக்கூடாது. போஸ்ட்மல்டி க்யூவைத்தான் பிரிக்கும், ஆளைப் பிரிக்காது, ரூட் இருக்கிறவன் எல்லா இன்ஸ்டன்ஸையும் பாப்பான். அதனால கிளினிக் தனி விஎம், பேச்சே இல்ல.

எந்த வழியா போனாலும் இதை மட்டும் பிரிக்காதீங்க: ஸ்கேனர். வைரஸ் தேடுற க்ளாம்ஏவி ஒண்ணு ஏறினாலே 1 ஜிபிக்கு மேல பிடிக்குது, சிக்னேச்சர் அப்டேட் ஆகும்போது பழசையும் புதுசையும் கொஞ்ச நேரம் சேத்தே வச்சிருக்கும், அப்ப ரெண்டு மடங்கு. நாலு இன்ஸ்டன்ஸுக்கு நாலு க்ளாம்ஏவி போட்டு, இன்ஸ்டன்ஸ் பிரிச்சா ரேம் தின்னுதுன்னு போஸ்ட்ஃபிக்ஸ குறை சொல்றாங்க, பாவம் அது என்ன பண்ணும். ஒரு க்ளாம்ஏவி, ஸ்பேம் பாக்குற ஆர்ஸ்பேம்டி ஒண்ணு, மூணு இன்ஸ்டன்ஸும் போர்ட் 11332 ல மில்ட்டரா (மெயில் வர்றப்பவே பரிசோதிக்கிற வழி) அந்த ஆர்ஸ்பேம்டிகிட்டயே கேக்கட்டும். கிளினிக் விஎம் மட்டும் தனியா வச்சுக்கட்டும். அன்பவுண்ட்ங்கிற டிஎன்எஸ் ரிசால்வரும் ஒண்ணு லோக்கலா போட்டுடுங்க, ஸ்பாம்ஹவுஸ் மாதிரி ப்ளாக்லிஸ்ட் எல்லாம் கூகுளோட பொது டிஎன்எஸ் 8.8.8.8 வழியா கேட்டா ஒழுங்கா பதில் தராது, அதுக்கு ஒரு எரர் கோடுதான் வரும், அந்தக் கோடையே ஸ்பேம்னு எடுத்துக்கிட்டு நல்ல மெயில் எல்லாத்தையும் தடுத்த சர்வரை நான் பாத்திருக்கேன்.

இப்ப கஸ்டமருக்கு ஒரு இன்ஸ்டன்ஸ் ஏன் வேணாம்ங்கிறதுக்கு வர்றேன். ஐபிக்கு நல்ல பேர் வர்றது மெயில் தொடர்ந்து ஓடினாத்தான். நாளைக்கு முப்பது மெயில் அனுப்புற டியூஷன் சென்டருக்கு தனி ஐபி குடுத்தா, ஜிமெயிலுக்கு அது யாருன்னே தெரியாது, மாசம் ஒரு தடவை ரிசல்ட் மெயில் மொத்தமா போகும்போது சந்தேகப்படும். அதே டியூஷன் சென்டர், கணக்கு ஆப்பீஸ், ஹார்ட்வேர் கடை எல்லாத்தையும் ஒரே ஐபியில சேத்தா, எல்லாம் ஒழுக்கமான மெயில், ஒண்ணுக்கு ஒண்ணு துணையா நிக்கும். பிரிக்க வேண்டியது நடத்தைய வச்சு, ஆளை வச்சு இல்ல. 2024 ல இருந்து ஜிமெயில், தன்கிட்ட ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்புற டொமைனுக்கு டிகிம், டிமார்க் (மெயில் உண்மையிலயே அந்த டொமைனோடதான்னு காட்டுற முறைகள்), ஒரே கிளிக்ல அன்சப்ஸ்க்ரைப் எல்லாம் கட்டாயம்னு வச்சிருக்கு, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தத் தொடக்கூடாது. அந்த நிபந்தனை சேலைக்கடை மாதிரி ஆளுக்குத்தான் பொருந்தும், அந்த ஓட்டத்த ஒரு தனி இன்ஸ்டன்ஸ்ல வச்சு அதுக்கு மட்டும் கடுமையா ரூல் போடுறது சுலபம்.

ஆக தம்பிக்கு நான் சொன்னது: அந்த சர்வர்ல போஸ்ட்மல்டி, இன்ஸ்டன்ஸ் மூணு, உள்ள வர்றதுக்கு ஒண்ணு, தினசரி மெயில் வெளிய போக ஒண்ணு, ப்ரமோஷனுக்கு ஒண்ணு, ப்ரமோஷனுக்கு ப்ராசஸ் லிமிட் 10, மெயில் க்யூவுல நிக்கிற ஆயுள் ஒரு நாள். இது போக பிரைமரி இன்ஸ்டன்ஸ் சும்மா சர்வரோட சொந்த க்ரான் (நேரம் வச்சு தானா ஓடுற வேலை) மெயில அனுப்புறதுக்கு மட்டும், வெளிய ஒண்ணும் கேக்காது. "அப்ப டாக்கர் வேணவே வேணாமா அண்ணே?"ன்னான். உன் டீம்ல நீ ஒருத்தன்தான்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில் நின்னா டாக்கர் நெட்வொர்க், போஸ்ட்ஃபிக்ஸ் ரெண்டையும் நீதான் அவிழ்க்கணும், நாலு பேர் இருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அவனுக்கும் ஒரு பல் டாக்டர் கஸ்டமர் இருக்கிறதா சொன்னான். அந்தக் கிளினிக்குக்கு ஒரு விஎம் தனியா போட 64 ஜிபில தாராளமா இடம் இருக்கு, ஐபி மட்டும் இன்னொண்ணு வாங்கணும். ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸுக்கு நாலு ஐபியையும் சேத்து ஒரே டிக்கெட்டா போட்டுட்டான், இன்னும் பதில் வரல, வந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி நானும் லைன்ல இருக்கேன்னு சொல்லியிருக்கேன், முதல்ல ப்ரமோஷன் இன்ஸ்டன்ஸ மட்டும்தான் நகத்தப் போறோம்.